சிவப்பு விழுந்த சுவர்

அக்காவிடம் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். சொல்லி எட்டு மாதம் ஆகிறது. வீட்டில் புகை பரவி அம்மா இறந்த அன்று, அவள் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள், ஒன்றும் தெரியாமலே போய்விட்டாள் என்று சொன்னேன். அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அதன்பிறகு அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவே இல்லை. அவளாவது நிம்மதியாக இருக்கிறாளே என்பது எனக்கு ஆறுதல். உண்மை தெரிந்தால் என் முகத்தில் விழிக்க மாட்டாள் என்பது பயம். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு எட்டு மாதம் ஓட்டிவிட்டேன்.

நான் ஒரு வீடியோ கேம் கம்பெனியில் லெவல் போடுகிறவன். கத்தி, துப்பாக்கி, துரத்தல் எல்லாம் உள்ள சண்டை ஆட்டங்கள். கதாநாயகன் எங்கே நடக்க வேண்டும், எங்கே குனிய வேண்டும், எந்த மூலையில் அவன்மேல் ஆள் பாய வேண்டும் என்பதெல்லாம் என் கையில். இந்தத் தொழிலில் இரண்டு கட்சி உண்டு. ஒன்று நேர்வழிக் கட்சி. ஒரு வாசலில் நுழைந்தால் மறுவாசலில்தான் வெளியே வர முடியும். நடுவில் நடப்பது எல்லாம் நாங்கள் எண்ணி வைத்தது. மற்றது ஓப்பன் வேர்ல்டு கட்சி. மலை, காடு, ஊர், கடல் எல்லாவற்றையும் கொட்டிப் பரப்பிவிட்டு, எங்கே வேண்டுமானாலும் போ ராசா என்று ஆளை அவிழ்த்து விட்டுவிடுவார்கள். நான் முதல் கட்சி. நானூறு மலையைச் செய்துவைத்து, ஒரு மலையிலும் ஒரு வேலையும் இல்லாமல், ஆடுகிறவனைக் குதிரையில் அலையவிடும் கொடுமையை என்னால் சகிக்க முடியாது.

அந்தக் கொடுமையைச் செய்கிறவன் எனக்கு எதிர் மேஜையில்தான் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு நான் வைத்த பெயர் மைதானம். அவன் எனக்கு வைத்த பெயர் சந்து. ஆபீஸில் வேறு பெயர் சொன்னால் யாருக்கும் எங்களைத் தெரியாது.

"உன் லெவல்ல மனுஷன் திரும்பிக்கூடப் பாக்க முடியாதுடா சந்து" என்பான்.

"உன் லெவல்ல திரும்பிப் பாத்தா என்ன இருக்கு? புல்லு."

"வழி தப்பட்டுமே. தப்பினாத்தான் அது அவன் கதை. இல்லாட்டி உன் கதைல அவன் கூலிக்கு நடக்குறான்."

"என் லெவல்ல இதுவரைக்கும் ஒருத்தன்கூட தொலைஞ்சது இல்ல" என்பேன் நான். அது உண்மை. அதில் எனக்குத் திமிரே இருந்தது.

அம்புக்குறி போட்டு வழி காட்டுவது கையாலாகாதவன் வேலை. தெரிந்தவன் வெளிச்சத்தால் காட்டுவான். ஆள் போக வேண்டிய பக்கம் ஒரு விளக்கை வைத்தால் போதும், தானாகப் போவான். தானே கண்டுபிடித்ததாகவும் நினைத்துக்கொள்வான். போகக் கூடாத இடத்தில் ஒரு கதவு இருந்தால் அதைப் பூட்டக் கூடாது. பூட்டினால் ரோஷம் வந்து உடைக்கப் பார்ப்பான். கதவையே மறைத்துவிட வேண்டும். சுவரின் நிறம், சுவரின் பளபளப்பு, கைப்பிடி கிடையாது, விளிம்பில் நிழல் கிடையாது, காலடியில் மிதியடி கிடையாது. அப்புறம் அவன் கண்ணுக்கு அங்கே கதவே இல்லை.

அம்மாவுக்கு மூன்று வருடமாக ஞாபகம் கரைந்துகொண்டே வந்தது. மற்ற நேரமெல்லாம் சாதுவாக இருப்பாள். பிற்பகல் மூன்று மணி ஆனால் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். பள்ளிக்கூடம் விட்டிருக்கும், பையனைக் கூட்டி வர வேண்டும். அந்தப் பையன் நான்தான்.

"அம்மா, நான் இங்கதான் இருக்கேன், பாரு."

"நீங்க யாரோ பெரிய ஆளு. என் பிள்ளை சின்னவன். வாசல்ல நின்னு அழுதுக்கிட்டு இருப்பான், விடுங்க."

நாற்பது வயதில், தலையில் பாதி நரையோடு, நான் வாசலை மறித்துக்கொண்டு நிற்பேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. இரண்டு முறை எங்களை ஏமாற்றிவிட்டுப் போய்விட்டாள். ஒருமுறை பஸ் ஸ்டாப்பில் கிடைத்தாள். இரண்டாம் முறை பெரிய சாலையின் நடுவில், இரண்டு பக்கமும் லாரிகள் ஹாரன் அடிக்க, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். டயர் கடைக்காரர் ஒருவர் ஓடிப்போய் இழுத்து வந்தார்.

என் அக்கா ஆஸ்பத்திரியில் மருந்துக் கவுண்டரில் வேலை செய்கிறாள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். எனக்கோ கல்யாணம் வந்து, நின்று பார்த்துவிட்டு, போய்விட்டது. ஆக வீட்டில் மூன்று பேர். பகலில் அம்மாவுக்குத் துணையாக ஒரு பெண் வந்து போவாள். அம்மாவை அடைத்து வைக்கக் கூடாது என்பது அக்காவின் கட்சி.

"மூணு மணிக்கு யாராவது கூடப் போயி ரெண்டு தெரு சுத்திட்டு வந்தா அடங்கிடுவாடா. கடைக்காரங்ககிட்ட எல்லாம் நம்ம நம்பர் குடுத்து வைப்போம். தொலைஞ்சா தேடிக்கலாம்."

"ஒரு நாள் லாரிக்காரன் பிரேக் போடலைன்னா?"

அந்த ஒரு கேள்வியோடு பேச்சு முடிந்தது. நான் ஜெயித்தேன். ஆபீஸில் மைதானத்தை மடக்கியது போலவே இருந்தது.

அந்த வாரக் கடைசியில் வேலையைத் தொடங்கினேன். வீட்டில் நுழைந்ததும் ஒரு நீளமான நடை. அதன் கடைசியில் அம்மாவின் அறை. வாசற்கதவின் உட்பக்கத்தையும் நிலையையும் சுவரின் வெளிர்மஞ்சளிலேயே அடித்தேன். இடுக்கை எல்லாம் பட்டை வைத்து மறைத்தேன். உட்பக்கக் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, அம்மாவின் கைக்கு எட்டாத உயரத்தில், வெளியிலிருந்து சாவி போட்டுத் திறக்கும்படி, தானாக விழும் தாழ்ப்பாள் ஒன்று வைத்தேன். செருப்பு ஸ்டாண்டு, மிதியடி, குடை மாட்டும் கொக்கி மூன்றையும் எடுத்துவிட்டேன். நடையின் மறுகோடியில் ஒரு விளக்கு. மூன்று மணிக்கு அது தானாக எரியும், பக்கத்தில் ரேடியோ பாடும்.

அக்கா வந்து பார்த்துவிட்டு, "எங்கேடா கதவு?" என்றாள். அந்த நிமிஷம் எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு ஒளிந்திருந்து பார்த்தேன். மூன்று மணிக்கு அம்மா கைப்பையோடு வந்தாள். சுவரின் முன்னால் நின்றாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். விளக்கு எரிந்தது. மெல்லத் திரும்பி அதை நோக்கி நடந்து, ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு வருஷம், ஒரு நாள்கூட அவள் வெளியே போகவில்லை.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாமல் இதை ஆபீஸில் பீற்றிக்கொண்டேன். எல்லாரும் ஆகா என்றார்கள். மைதானம் மட்டும் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான்:

"சரிடா, எந்த ஆட்டத்துலயும் வேணாம்னா வெளிய வர ஒரு பட்டன் இருக்குமே. உங்க அம்மாவுக்கு அது எங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பேச வந்துவிட்டான் பெரிய மனுஷன் என்று ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

எங்கள் வேலையில் ஹீட் மேப் என்று ஒன்று உண்டு. வெளி ஆட்களைக் கூப்பிட்டு ஆட்டத்தை ஆடவிடுவோம். அவர்கள் நிற்கும் இடமெல்லாம் வரைபடத்தில் பதிவாகும். அதிக நேரம் நின்ற இடம் சிவக்கும். ஒன்றுமே இல்லாத இடம் சிவந்தால், அங்கே வழி இருப்பதாக ஆட்கள் நம்புகிறார்கள் என்று அர்த்தம். ஏன் நம்புகிறார்கள் என்று பார்க்காமல் அந்தப் பதிவை அழிப்பது பெரிய தப்பு. "சிவப்பை அழிக்காதே" என்று ஆபீஸ் பலகையில் எழுதி வைத்தவனே நான்தான்.

வீட்டில் என்ன செய்தேன் தெரியுமா? ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வெளிர்மஞ்சள் கதவில் அம்மாவின் கைக்கறை இருக்கும். நெஞ்சு உயரத்தில் நாலைந்து இடம், மங்கலாக. விளிம்பை ஒட்டி விரல்கள் மட்டும். வாரம் முழுவதும் சேர்ந்து இவ்வளவுதானே, பழக்கதோஷம் என்று நினைத்துக்கொண்டு, ஈரத்துணியில் சோப்பு நுரை தொட்டு வழித்துத் துடைத்துவிடுவேன். துடைத்துவிட்டு என் கைவேலை எவ்வளவு சுத்தம் என்று நின்று ரசித்ததும் உண்டு.

புகை வந்தது ஒரு வியாழக்கிழமை, மூன்றேகால் மணிக்கு. துணைக்கு வரும் பெண் மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தாள். கடையில் கூட்டம், இருபது நிமிஷம் ஆகிவிட்டது. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒயர் கருகிப் புகை கிளம்பியிருக்கிறது. நெருப்பு பெரிதாக ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டார் போன் செய்து நான் ஓடி வந்தபோது, அம்மாவை ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். மாடிப்படியில் உட்கார்ந்திருந்த தீயணைப்பு வீரர், என்னை மகன் என்று தெரிந்துகொண்டு எழுந்தார்.

"தாழ்ப்பாள உடைச்சும் கதவு வரல தம்பி. தள்ளித் தள்ளிப் பாத்தோம். அவங்கதான் கதவுக்குப் பின்னாடி விழுந்து கிடந்தாங்க." கையுறையைக் கழற்றினார். "உள்ள கைப்பிடி ஏதும் இல்லையே, ஏன்?"

"எங்க அக்கா கேட்டா கட்டில்ல இருந்தாங்கன்னு சொல்லிடுங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சரி என்றார்.

உள்ளே போனேன். நடை முழுக்கக் கரி படிந்திருந்தது. கதவிலும் அதன் இருபக்கச் சுவரிலும் உள்ளங்கைகள். கரியின்மேல் பளிச்சென்று, ஒன்றன்மேல் ஒன்றாக, மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே. கடைசியாக இருந்தது முழங்கால் உயரத்தில். விளக்கு மூன்று மணிக்கே எரிந்திருக்கிறது, ரேடியோ பாடியிருக்கிறது. அவள் அந்தப் பக்கம் போகவில்லை. அவளுக்குக் கதவு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது. திறப்பதற்குத்தான் நான் எதையும் மிச்சம் வைக்கவில்லை. அக்கா பார்த்துவிடக் கூடாது என்று, ஆஸ்பத்திரிக்குப் போவதற்குமுன், வாளியில் தண்ணீர் எடுத்து எல்லாவற்றையும் துடைத்தேன்.

வேறு வீட்டுக்குக் குடிபோனோம். ஆனால் ஒரு சத்தம் என்னோடு வந்துவிட்டது. பிற்பகலில், ஆபீஸில் எல்லாரும் சாப்பிட்டு மந்தமாக இருக்கும் நேரத்தில், சுவரில் உள்ளங்கை தேயும் சத்தம். சரக், சரக். ஏ.சி. காற்று என்றார்கள். ஏ.சி.யை நிறுத்திவிட்டுக் கேட்டேன். அப்போதும் இருந்தது. எனக்குப் பேய் பிசாசில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. பயம் மட்டும் தாராளமாக இருந்தது.

போன மாதம் எங்கள் முதலாளி ஒரு போட்டி வைத்தார். புது ஆட்டம், பயமுறுத்தும் சண்டை ஆட்டம். நானும் மைதானமும் ஆளுக்கொரு மாதிரி செய்ய வேண்டும். அவன் ஓப்பன் வேர்ல்டு, நான் நேர்வழி. பன்னிரண்டு பேரை ஆடவிட்டு, எது தேறுகிறதோ அதுதான் ஆட்டம். நான் தலைகீழாக நின்று வேலை செய்தேன். பாழடைந்த கட்டடம், இருட்டு, ஒரே நீள நடை, கடைசியில் ஒரு விளக்கு. தூக்கம் இல்லாமல் வைத்த லெவல், பாதி எப்படி வைத்தேன் என்று எனக்கே நினைவில்லை.

மைதானத்தின் உலகத்தில் பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு திசையில் போனார்கள். ஒருவர் கடைசிவரை மீன் பிடித்துக்கொண்டிருந்தார். என் லெவலில் ஒன்பது பேர் ஒரே இடத்தில் நின்றார்கள். விளக்குக்குப் போகாமல், வழியில் வெறும் சுவர் ஒன்றின் முன்னால். அங்கே எதிரி இல்லை, பொருள் இல்லை, வெளிச்சம் இல்லை. நின்று, பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். பட்டனை அழுத்தினால் கதாநாயகன் உள்ளங்கையைச் சுவரில் வைப்பான். ஒன்பது திரைகளில் ஒன்பது பேர் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார்கள். ஹீட் மேப்பில் அந்த இடம் ரத்தமாகச் சிவந்திருந்தது.

ஆடியவர்களில் ஒருவர் பஸ் டிரைவர். ஹெட்போனைக் கழற்றிவிட்டு வியர்வையைத் துடைத்தார்.

"அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரு சார் இருக்கா?"

"யாருமே இல்லையே. பேய் ஏதாவது இருக்குற மாதிரி தோணுச்சா?"

"பேய் வெளிய இல்ல சார். நாமதான் உள்ள மாட்டிக்கிட்ட பேய் மாதிரி இருந்துச்சு" என்றார் அவர், வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு.

அவர்கள் போனபிறகு மைதானம் என் நாற்காலியை நகர்த்திவிட்டு லெவலைத் திறந்தான். அந்த இடத்துக்குப் போய், வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தான். சுவரோரம் ஒரு செருப்பு ஸ்டாண்டு. கீழே ஒரு மிதியடி. தோள் உயரத்தில் குடை மாட்டும் கொக்கி. பாழடைந்த கட்டடத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"இதெல்லாம் வாசல்ல இருக்குற சாமான்டா. யாரு பாத்தாலும் இங்க கதவு இருக்கணும்னுதான் தேடுவாங்க. நீ எல்லாத்தையும் வச்சுட்டு, கதவ மட்டும் மறந்துட்ட."

"நான் இதெல்லாம் வைக்கல" என்றேன்.

அவன் பதிவைத் திறந்து காட்டினான். ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் என் பெயர், தேதி, நேரம். எல்லாம் பிற்பகல் மூன்று மணியை ஒட்டி. நடையின் நீளத்தை அளந்தான். எனக்கு அளக்கவே தேவையில்லை. அது எங்கள் பழைய வீட்டு நடையின் நீளம், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

அந்த நேரம் பார்த்து முதலாளி குதித்துக்கொண்டு வந்தார். "சந்து, நீதான்யா ஜெயிச்சே! ஒரு பேய் இல்ல, ஒரு கத்தி இல்ல, வெறும் சுவத்த வச்சு ஒன்பது பேர நடுங்க வச்சுட்டியே! அந்தச் சுவத்துல கைய வைக்காதே. சரக் சரக்னு கை தேயுற மாதிரி ஒரு சவுண்டு மட்டும் போடு, போதும்."

நான் கம்ப்யூட்டர் திரையை அணைத்தேன். முதலாளி போனதும் மைதானம் கதவைச் சாத்தப் போனான். "சாத்தாதே" என்று கத்திவிட்டேன். திறந்த கதவின் பக்கத்திலேயே உட்கார்ந்து அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தீயணைப்பு வீரர், கைப்பிடி, கரி, வாளித் தண்ணீர், அக்காவிடம் சொன்ன பொய் எல்லாம். பட்டன் எங்கே என்று கேட்டவன் அவன்; குத்திக் காட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் என் தோளில் கை வைத்தான்.

"வீட்டுக்குப் போடா. அக்காகிட்ட சொல்லிடு. நீ சொல்லலைன்னா இந்தச் சுவத்த நீ எல்லா ஆட்டத்துலயும் கட்டிக்கிட்டேதான் இருப்ப."

நான் போனபோது அக்கா வேலையிலிருந்து வந்து, காய்ந்த துணிகளைக் கட்டிலில் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் முன்னால் போய் நின்றேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும்.

"அக்கா, அன்னிக்கு அம்மா கட்டில்ல இல்ல. நான் பொய் சொன்னேன்."

அவள் துண்டை நான்காக மடித்து அடுக்கின்மேல் வைத்தாள். "தெரியும்."

"யாரு சொன்னா? அந்த ஃபயர்காரரா?"

"யாரும் சொல்லல. எங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தப்ப முதல்ல பாத்தது நான்தானே. ரெண்டு உள்ளங்கையும் கரி. தூங்கிக்கிட்டு இருந்தவளுக்கு எப்படிடா உள்ளங்கை கரியாகும்? நீ வந்து பாத்தா தாங்க மாட்டியேன்னு நான்தான் கழுவி விட்டேன். நகத்துக்குள்ள இருந்தது மட்டும் போகவே இல்ல."

எட்டு மாதம். நான் அவளுக்காகத் துடைத்தேன், அவள் எனக்காகக் கழுவியிருக்கிறாள். "அப்ப ஏன்க்கா என்னை ஒரு வார்த்தை கேக்கல? கதவ மறைச்சது நான்தானே. திட்டியிருக்கலாம்ல?"

"உன்னத் திட்ட எனக்கு என்னடா யோக்கியதை இருக்கு?"

அவள் முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"சனிக்கிழமை சனிக்கிழமை நீ அந்தக் கதவத் தொடைப்பியே, நாலஞ்சு கறை. அது எத்தனை நாள் கறைன்னு நினைச்சே?"

"ஒரு வாரத்தோடது."

"வெள்ளிக்கிழமையோடது மட்டும்டா. மத்த நாள் கறையெல்லாம் காலையில வேலைக்குக் கிளம்புறப்ப நான் தொடைச்சிடுவேன். நீ பாத்தா மனசு கஷ்டப்படுவே, இவ்வளவு வேலை செஞ்சு வச்சிருக்கியேன்னு. தினமும் தட்டியிருக்காடா. ஒரு நாள் விடாம தட்டியிருக்கா. எனக்குத் தெரியும்."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா அடுத்த துணியை எடுத்தாள். மடிக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டே பேசினாள்.

"அன்னிக்குக் காலையிலயும் தொடைச்சேன். நல்லா அழுத்தித் தொடைச்சேன். தொடைச்சிட்டு வெளிய வந்து கதவ இழுத்துச் சாத்தினேன். சாத்திட்டு, மேல தாழ்ப்பாள் சரியா விழுந்திருக்கான்னு ரெண்டு தடவை தள்ளிப் பாத்தேன்."